இருப்பைக் காட்டும் ஈ: ஏ.என்.எஃப்-ஜி.எஃப்.பி. ரகம், காரைக்குடியிலிருந்து ஒரு விமர்சனம்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு. பொருள் ஒரு ஈ. பழ ஈயின் நரம்பணுக்கள் நியூரோபெப்டைடுகளை எப்போது, எவ்வளவு வெளியே விடுகின்றன என்று கண்ணால் பார்ப்பதற்காகவே உருவாக்கிய ரகம். ஆய்வகப் பேச்சில் ஏ.என்.எஃப்-ஜி.எஃப்.பி. என்பார்கள்.

நான் காரைக்குடியில் ஒரு கல்லூரி விலங்கியல் துறையில் பாடம் எடுக்கிறேன், எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட்டுகளுக்கு வழிகாட்டுகிறேன். இந்த ஊரில் ஆராய்ச்சி என்றால் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்தான் என்று ஆட்டோக்காரர் வரை சொல்வார்கள். எங்கள் துறை அந்தக் கணக்கில் வராது. எங்களிடம் கன்ஃபோக்கல் என்ற விலை உயர்ந்த லேசர் நுண்ணோக்கி கிடையாது. ஒரு ஒளிர்வு நுண்ணோக்கி, அதன் தலையில் ஒரு கேமரா, இரண்டு ஸ்டீரியோ நுண்ணோக்கி, சூட்டை ஒரே அளவில் வைக்கும் ஒரு பி.ஓ.டி. இன்குபேட்டர். இப்படிப்பட்ட இடத்தில் இந்த ஈ எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைத்தான் எழுதுகிறேன். பெரிய நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

முதலில் நியூரோபெப்டைடு பற்றிக் கொஞ்சம். நரம்பணுக்கள் பேசிக்கொள்ள இரண்டு வகைச் சரக்கு வைத்திருக்கின்றன. குளுட்டமேட் போன்ற சின்ன மூலக்கூறுகள் ஒரு வகை. அவை நரம்பு முனையிலேயே சின்னக் குமிழிகளில் நிரப்பப்பட்டு, வெளியே போய், காலியான குமிழி அங்கேயே மறுபடி நிரம்பும். பெப்டைடு அப்படியில்லை. நரம்பணுவின் உடலில் புரதமாக உருவாகி, செல்லின் பொதி கட்டும் இடமான கோல்கியில் பொதியப்பட்டு, அடர்மையக் குமிழி என்ற பெரிய குமிழியில் ஏறி, ஆக்ஸான் என்ற நீண்ட இழை வழியாக முனை வரை பயணம் செய்துதான் வந்து சேரும். முனையில் ஒரு குமிழி காலியானால் அதை அங்கே நிரப்ப வழியில்லை. புதுச் சரக்கு உடலிலிருந்துதான் வர வேண்டும். வெளியேறுவதற்கும் லேசான தூண்டல் போதாது. நரம்பு விடாமல் கொஞ்ச நேரம் சுட வேண்டும், அதாவது மின் துடிப்புகளை அனுப்ப வேண்டும். பசி, தூக்கம், தோலுரிப்பு, நாள் கணக்கு என்று ஈயின் வாழ்க்கையில் நிதானமாக நடக்கும் காரியங்கள் பலவற்றில் இந்த பெப்டைடுகளின் கை இருக்கிறது.

இந்த வெளியேற்றத்தைப் பார்க்கத்தான் 2001-ல் ராவ், லாங், லெவிட்டான், டைச்சர் ஆகியோர் இந்த ஈயைச் செய்தார்கள். எலியின் இதயத்தில் சுரக்கும் ஏ.என்.எஃப். என்ற ஹார்மோனின் முன்வடிவத்தை எடுத்து, அதன் வாலில் எமரால்டு என்ற பச்சை ஒளிர்புரதத்தை (ஜி.எஃப்.பி.) ஒட்டினார்கள். எலி இதய ஹார்மோனுக்கு ஈயின் நரம்பில் என்ன வேலை என்று என் மாணவி ஒருத்தி முதல் வகுப்பிலேயே கேட்டாள். வேலை எதுவும் இல்லை, அதுதான் வசதி. ஈயின் நரம்பணு அதைத் தன் சொந்த பெப்டைடு போலவே நினைத்து அடர்மையக் குமிழியில் ஏற்றி, முனைக்கு அனுப்பி, நேரம் வந்ததும் வெளியே தள்ளுகிறது. லெவிட்டானின் குழு இதே உத்தியை 1997-லேயே எலிச் செல்களில் செய்து பார்த்திருந்தது. ஈக்கு வந்தது அதற்கு அடுத்த கட்டம்.

எந்த நரம்பணுவில் ஒளிர வேண்டும் என்பது நம் கையில். பிராண்டும் பெரிமோனும் 1993-ல் கொடுத்த கேல்4–யு.ஏ.எஸ். முறைதான் இதிலும். பச்சைப் புரதத்தின் மரபணு ஒரு ஈயில் தூங்கிக்கொண்டிருக்கும், அதை எழுப்பும் கேல்4 என்ற சாவி இன்னொரு ஈயில் இருக்கும். எல்லா நரம்பணுவிலும் வேண்டுமென்றால் எலாவ்-கேல்4 ஈயோடு கலப்பு செய்ய வேண்டும், பெப்டைடு நரம்பணுக்களில் மட்டும் போதுமென்றால் சி929-கேல்4, நாள் கடிகார நரம்பணுக்கள் என்றால் பி.டி.எஃப்-கேல்4. ஒரே பொருள், பல கடைகளில் பயன்படும். அதற்காகவே அரை மதிப்பெண் கூடுதல்.

இனி இது காட்டுவது என்ன என்று பார்ப்போம். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பெப்டைடு வெளியேறும்போது ஒரு மின்னல் வெட்டும், அதைப் படம் பிடிக்கலாம் என்று நினைத்தால் இந்த ஈ அதைச் செய்யாது. வெளியேறிய பச்சை உப்புக் கரைசலில் கரைந்து காணாமல் போய்விடும். நமக்குத் தெரிவது முனையில் மிச்சம் நிற்கும் ஒளி மட்டும்தான். என் அப்பா காரைக்குடியில் ஒரு செட்டியார் கடையில் கணக்கு எழுதியவர். மாலையில் கல்லாவில் எவ்வளவு போனது என்று அவர் யாரையும் கேட்க மாட்டார். காலை இருப்பிலிருந்து மாலை இருப்பைக் கழித்துப் பேரேட்டில் எழுதிவிடுவார். இந்த ஈயும் அந்தக் கணக்குதான். தூண்டலுக்கு முன் முனையில் எவ்வளவு ஒளி, பின் எவ்வளவு ஒளி, கழித்தால் வெளியேற்றம். காலை இருப்பைச் சரியாக எடுக்கத் தெரியாதவர் கையில் இந்த ஈ எதையும் சொல்லாது.

வாங்கும் வழி. இண்டியானா பல்கலைக்கழகத்தில், புளூமிங்டனில் இருக்கும் ஈ சேமிப்பகம் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்களை வைத்து உலகம் முழுக்க அனுப்புகிறது. இந்த ஈயும் அங்கே இருக்கிறது. நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. ஈ வேலை செய்பவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு, கேட்டால் குப்பியில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பெங்களூரில் இருக்கும் ஒரு தோழியின் ஆய்வகத்திலிருந்து இரவு பஸ்ஸில் கைப்பையில் வந்து இறங்கியது எங்கள் ரகம். மரபு மாற்றிய உயிரினம் என்பதால் 1989 விதிகளின்படி உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு அனுமதி வேண்டும். அந்தக் காகித வேலையை முதலில் முடித்துவிட்டு அப்புறம் ஈயைக் கேளுங்கள். ஒரு தடவை குப்பி கையில் வந்துவிட்டால் அதற்குப் பிறகு செலவு தீனிக்கு மட்டும்தான்.

தீனி பற்றி ஒரு வார்த்தை. மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகர், பூஞ்சை வராமல் இருக்கப் புரோப்பியானிக் அமிலமும் மெத்தில் பாராபெனும். மளிகைக் கடையில் சோள மாவு என்று கேட்டால் சூப்பில் போடும் வெள்ளை மாவைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது வேண்டாம். கோழித் தீவனம் விற்கும் கடையில் மஞ்சளாக, கொரகொரப்பாக அரைத்த மக்காச்சோளம் கிடைக்கும், அதைச் சலித்துக்கொண்டால் போதும். கருப்பட்டி போட்டுப் பார்க்கலாமா என்று எங்கள் ஆய்வகத்து முத்தையா அண்ணன் ஆசையாகக் கேட்டார். போட்டால் ஈ சந்தோஷமாகத்தான் தின்னும். ஆனால் ஒரு வாளிக் கருப்பட்டி போல இன்னொன்று இருக்காது. ஒவ்வொரு தடவையும் தீனி ஒரே மாதிரி இருக்க வேண்டிய வேலையில் அது சரிப்படாது.

வெயில்தான் இந்த ஊரில் உண்மையான சோதனை. இந்த ஈக்கு 25 டிகிரி பிடிக்கும். அந்தச் சூட்டில் முட்டையிலிருந்து ஈயாக வெளிவரப் பத்து நாள். முப்பதைத் தொட்டால் ஆண் ஈக்களுக்கு மலட்டுத்தன்மை வந்துவிடும். குப்பிக்குள் ஈ பறந்துகொண்டுதான் இருக்கும், அடுத்த தலைமுறை மட்டும் வராது. அக்னி நட்சத்திரத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்சாரம் போனால் இன்குபேட்டர் வெறும் இரும்பு அலமாரி. எங்கள் துறையின் பழைய கட்டடத்தில், புகைப்படம் கழுவிய காலத்து இருட்டறை ஒன்று இருக்கிறது. சுண்ணாம்புக் காரை பூசிய தடித்த சுவர், ஜன்னல் கிடையாது. அன்றைக்கு மட்டும் குப்பிகள் அங்கே குடிபோகும், ஈரத் துணி மூடிய தட்டில். இது ஈயின் குறை அல்ல. ஆனாலும் செட்டிநாட்டில் வளர்க்க நினைப்பவர் யோசித்துக்கொள்ள வேண்டியது.

இன்னொரு உள்ளூர்ப் பிரச்சினை, மாம்பழக் காலத்தில் வெளியிலிருந்து வரும் ஈக்கள். கேண்டீன் பக்கத்திலிருந்து எப்படியோ உள்ளே நுழைந்துவிடும். நல்லவேளையாக இந்த ரகத்துக்குக் கண்ணிலேயே அடையாளம் இருக்கிறது. வெள்ளைக் கண் ஈயில் பச்சை மரபணுவோடு கண் நிற மரபணு ஒன்றையும் சேர்த்துத்தான் செருகியிருக்கிறார்கள். அதனால் கண் ஆரஞ்சு நிறமாக இருக்கும். குப்பியில் செங்கல் சிவப்புக் கண்ணோடு ஒன்று திரிந்தால் அது விருந்தாளி. மாணவர்களை வாரம் ஒரு தடவை கண் பார்க்க வைப்பேன். அலுப்பான வேலைதான், ஆனால் ஒளிர்வு அடையாளங்கள் எதுவும் இல்லாமல் ஸ்டீரியோ நுண்ணோக்கியிலேயே முடிகிற வேலை.

சரி, செயல்பாடு. கூட்டுப்புழுவாகும் முன் கடைசி நிலையான மூன்றாம் நிலைப் புழு தீனியை விட்டுக் குப்பிச் சுவரில் ஏறித் திரியும்போது எடுக்க வேண்டும். அடியில் சிலிக்கான் ரப்பர் ஊற்றிய சின்னத் தட்டில், குளிர்ந்த எச்.எல்.3 என்ற உப்புக் கரைசலில் புழுவைக் கிடத்தி, தலையிலும் வாலிலும் மெல்லிய ஊசி குத்தி, முதுகுப் பக்கம் நீளவாக்கில் கத்தரிக்க வேண்டும். இரண்டு பக்கத் தோலையும் விரித்து ஊசி குத்தினால் புழு ஒரு சின்னப் பாய் போல விரியும். குடலை அகற்ற வேண்டும். தீனி நிறைந்த குடலும் பச்சையாகவே ஒளிர்வதால் அது இருக்கிற வரை வேறெதுவும் கண்ணுக்குப் படாது. கொழுப்பையும் மூச்சுக் குழல்களையும் இடுக்கியால் மெதுவாக எடுத்துவிட்டால், அடியில் வரி வரியாகத் தசைகள். ஆறாம், ஏழாம் எண் தசைகளுக்கு நடுவிலிருக்கும் பள்ளத்தில் நரம்பு முனை மணி மணியாகப் படர்ந்திருக்கும். நீல ஒளியைத் திறந்ததும் அந்த மணிகள் பச்சையாக எரியும். இந்த இடத்தில் ஒரு மாணவியும் இதுவரை “மேம்!” என்று கத்தாமல் இருந்ததில்லை.

எலாவ்-கேல்4 போட்ட ஈயில் இந்த மணிகள் எங்கள் சாதாரண நுண்ணோக்கியிலேயே தெளிவாகத் தெரிகின்றன. ஒளி அவ்வளவு தாராளம். இதுதான் இந்த ரகத்தின் மிகப் பெரிய பலம்.

பிறகு தூண்டல். மின் தூண்டல் சாதனம் இருப்பவர்கள் நரம்பை உறிஞ்சு மின்முனையில் பிடித்து வேகமாகச் சுட வைப்பார்கள். இல்லாதவர்கள் பொட்டாசியம் கூடிய கரைசலை ஊற்றலாம், நரம்பு முனை தானாகவே விழித்துக்கொள்ளும். கால்சியம் உள்ளே வர, பெப்டைடு வெளியே போக, மணிகள் நிமிடக் கணக்கில் மங்கும். சிக்கல் என்னவென்றால் தசையும் சேர்ந்து துடிக்கும். படத்தில் மணி ஒரு இடத்தில் நிற்காது. கரைசலில் குளுட்டமேட் கொஞ்சம் சேர்த்தால் தசையின் ஏற்பிகள் சலித்துப்போய்த் துடிப்பு அடங்கிவிடும். அது இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

இப்போது இந்த ஈயின் பெரிய பொறி. நீல ஒளி படப் பட ஒளிர்புரதம் வெளுக்கும். வெளுத்தாலும் மங்கும், பெப்டைடு வெளியேறினாலும் மங்கும். இரண்டும் கேமராவுக்கு ஒன்றுதான். மெர்க்குரி விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்து நிமிடத்துக்குப் பத்துப் படம் எடுத்தால், நரம்பைத் தொடாமலேயே அருமையான வெளியேற்ற வரைபடம் கிடைக்கும்! இதனால்தான் கால்சியம் இல்லாத கரைசலில் அதே பொட்டாசியம், அதே விளக்கு, அதே எண்ணிக்கைப் படங்கள் என்று ஒரு புழுவை ஓட்டியே ஆக வேண்டும். கால்சியம் இல்லாவிட்டால் வெளியேற்றம் நடக்காது. அதனால் அங்கே தெரியும் மங்கல் முழுக்க வெளுப்பு. அதைக் கழித்து மிச்சம் நின்றால் மட்டும் பேசலாம். விளக்கைக் குறைத்து, வடிகட்டி போட்டு, முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம், நடுவில் ஓரிரண்டு என்று எடுத்தால் எங்கள் கருவியிலேயே கணக்கு நன்றாக நிற்கிறது. நம்மூர் ஆய்வகங்களின் ப்ராஜெக்ட் அறிக்கைகளில் இந்தக் கட்டுப்பாட்டுப் புழு இல்லாத மங்கல் படம் எதையாவது பார்த்தால் நான் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

ஊற்றித் தூண்டுவதை விட எனக்குப் பிடித்தது, ஈயே தானாக வெளியேற்றுவதைப் பார்ப்பது. 2004-ல் ஹுசைனும் யூவரும் இந்த ஈயைத் தோலுரிப்புக்குப் பயன்படுத்தினார்கள்: தோலுரிப்பதற்கு முன் நரம்பணுக்களில் ஒளி, தோலுரித்த பின் ஒளி. மின்முனை வேண்டாம், பொட்டாசியம் வேண்டாம். புழு தன் வேலையைத் தான் பார்க்கும்போது சரக்கு குறைகிறது. இதற்குச் சரியான நேரத்தில் புழுவைப் பிடிக்கத் தெரிய வேண்டும். இரண்டாம் நிலைப் புழுவின் வாயை ஸ்டீரியோ நுண்ணோக்கியில் பார்த்தால், பழைய வாய்க்கொக்கிக்குப் பக்கத்தில் புதிய கொக்கி கறுத்து இரட்டையாகத் தெரியத் தொடங்கும். அதற்குப் பின்னாலிருக்கும் செங்குத்துத் தகடும் இரட்டையாகத் தெரிந்தால் தோலுரிக்க ஏறக்குறைய அரை மணி நேரம்தான் இருக்கிறது என்று அர்த்தம். சிலவற்றை அப்போதே எடுத்து, சிலவற்றைத் தோல் கழன்றவுடன் எடுத்து, ஒரே அமைப்பில் படம் பிடித்தால் வெளுப்புத் தொல்லையும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒவ்வொரு புழுவுக்கும் ஒரே ஒரு படம்தானே. புதுவயலிலிருந்து வரும் ஒரு மாணவிக்கு இந்தக் கொக்கி பார்க்கும் கண் வாய்த்திருக்கிறது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே “இது ஆச்சு மேம், அது இன்னும் நேரமாகும்” என்று பிரித்து வைத்துவிடுவாள். எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட்டுக்கு இதைவிடச் சிறந்த, செலவில்லாத வேலை எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது? ஒளிர்வது எலியின் பெப்டைடு. ஒரே நரம்பணுவில் இரண்டு மூன்று ஈ பெப்டைடுகள் இருந்தால் எது போனது என்று இது சொல்லாது. அடர்மையக் குமிழி வாய் திறந்தது என்று மட்டும்தான் சொல்லும். கேல்4 மூலம் அதிகமாக உற்பத்தி செய்யப்படுவதால் இயல்பான சரக்கின் அளவு இதுதான் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. பி.டி.எஃப். போன்ற சொந்த பெப்டைடைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கான எதிர்ப்பொருளைக் கொண்டு சாயமேற்றிச் சரிபார்ப்பதுதான் முறை. அப்புறம் வேகம். சில குமிழிகள் மட்டும் திறந்தால் இருப்பில் விழும் சின்னக் குறைவு எங்கள் கேமராவின் இரைச்சலுக்குள் மறைந்துவிடும்.

இந்தக் கடைசிக் குறைக்கு மாற்று வந்திருக்கிறது. 2019-ல் டேவிட் ஆண்டர்சனின் குழு என்.பி.ஆர்.ஆர். என்ற ரகங்களை வெளியிட்டது. அதில் வெறும் பச்சைப் புரதத்துக்குப் பதில் கால்சியம் பட்டால் ஒளிரும் ஜிகேம்ப்-6எஸ். குமிழிக்குள் அமிலம் இருப்பதால் அது மங்கிக் கிடக்கும், குமிழி வெளியே திறந்தவுடன் பளிச்சென்று எழும். அதாவது செலவையே நேரடியாகக் காட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சின்னப் பளிச்சைப் பிடிக்க நல்ல வேகமான நுண்ணோக்கியும், தூண்டலைப் படத்தோடு ஒத்திசைக்கும் ஏற்பாடும் வேண்டும். எங்கள் மேசையில் அந்த ஈ வந்தால் கருவி இல்லாமல் சும்மா தீனி தின்றுகொண்டிருக்கும். வசதி இருப்பவர்கள் அதை வாங்கலாம். எங்களைப் போன்றவர்களுக்குப் பழைய ரகமே போதும்.

பழசு என்று குறைத்தும் எடைபோட வேண்டாம். இதே ஏ.என்.எஃப். பச்சையை வைத்துத்தான் 2005-ல் ஷகிர்யனோவா, லெவிட்டான் குழுவினர், சில நொடித் தூண்டலே முனையில் அசையாமல் கிடக்கும் குமிழிகளை நிமிடக் கணக்கில் நடமாட வைத்துவிடும் என்று காட்டினார்கள். 2012-ல் அதைவிட அழகான ஒன்று. குமிழிகள் ஆக்ஸான் வழியாக வந்து முதல் மணியிலேயே இறங்கிவிடுவதில்லையாம். கடைசி மணி வரை போய், அங்கேயே திரும்பி, வந்த வழியிலேயே பின்னோக்கி வரும். இடையில் எந்த மணியாவது அவ்வப்போது ஒன்றிரண்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிடிபடாதவை சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசி மணி நிறைந்து வழியாமலும் நடு மணிகள் காய்ந்துபோகாமலும் இருப்பது இதனால்தான். இருபது வருடத்துக்கு மேல் வயதான ஒரு பொருள் இவ்வளவு சொல்லியிருக்கிறது என்றால் அதை அலமாரியின் மேல்தட்டில்தான் வைக்க வேண்டும்.

யாருக்கு வேண்டாம் என்றால், வேகமாகச் சுடும் ஒரு நரம்பணுவின் ஒவ்வொரு துடிப்புக்கும் என்ன வெளியேறியது என்று தெரிய வேண்டியவர்களுக்கு. மற்றபடி காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கல்லூரியில் இருந்து, அனுமதிக் காகிதம் கையில் இருந்து, ஒளிர்வு நுண்ணோக்கி ஒன்று ஓடுகிற நிலையில் இருந்தால், ஒரு குப்பி எங்களிடமே வாங்கிக்கொள்ளலாம். எலாவ்-கேல்4 குப்பியும் சேர்த்துத் தருகிறேன், அது இல்லாமல் இந்த ஈ வெறும் ஆரஞ்சுக் கண் ஈதான். தீனி ஊற்றிய குப்பிகளை நீங்களே கொண்டு வாருங்கள். மே மாதம் வேண்டாம், ஜூலைக்கு மேல் வாருங்கள்.